மெனோபாஸ்: ஹார்மோன் ஜெல், க்ரீம் போடுறீங்களா? பக்கவிளைவுகள் என்னென்ன? எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

திடீர்னு உடம்பு கொதிக்கும், ராத்திரி வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. காசிமேட்டில் மீன் விற்பவராக இருந்தாலும், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் "வெயில்தான் காரணம்"னு விட்டுவிடுவது உண்டு. ஆனால் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இது மெனோபாஸ் அறிகுறியாகவும் இருக்கலாம். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் இது வருகிறது.

இதற்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று, தோலில் பயன்படுத்தும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்.

எத்தனை வகை?

கை அல்லது தொடையில் தடவும் ஜெல், தோலில் ஒட்டும் பேட்ச் ஆகியவற்றின் மருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்க வேலை செய்யும். பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சலுக்குத் தரப்படும் க்ரீம் பெரும்பாலும் அந்த இடத்தில் மட்டுமே வேலை செய்யும்.

பக்கவிளைவுகள் என்ன?

* ஜெல், பேட்ச்: மார்பு வலி, தலைவலி, குமட்டல், வயிறு உப்புசம், லேசான ரத்தக்கசிவு. பேட்ச் ஒட்டிய இடத்தில் அரிப்பு, சிவப்பு. அதிகம் வியர்த்தால் பேட்ச் கழன்றுவிடலாம்.
* க்ரீம்: ஆரம்பத்தில் எரிச்சல், அரிப்பு, வெள்ளைப்படுதல். சில க்ரீம்கள் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

கர்ப்பப்பை இருக்கிறதா? இது முக்கியம்

கர்ப்பப்பை உள்ளவர்கள் ஜெல், பேட்ச் பயன்படுத்தினால் கூடவே புரோஜெஸ்ட்ரோனும் எடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்தால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்து, புற்றுநோய் அபாயம் கூடும். குறைந்த அளவு க்ரீமுக்குப் பொதுவாக இது தேவைப்படாது.

பயம் எங்கிருந்து வந்தது?

2002-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு அதிகமானதே காரணம். அங்கு சோதித்தது மாத்திரையை. ஜெல்லையோ க்ரீமையோ அல்ல. தோல் வழியாகச் செல்லும் மருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகாததால், ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம், இந்த மருந்துகளின் லேபிளில் இருந்த கடும் எச்சரிக்கைகளில் பலவற்றை நீக்குவதாக அறிவித்தது. கர்ப்பப்பை புற்றுநோய் எச்சரிக்கை மட்டும் தொடர்கிறது.

வீட்டில் பேரக்குழந்தை இருக்கா?

ஈஸ்ட்ரோஜன் ஸ்ப்ரே அடித்த தோலைத் தொட்ட குழந்தைகளுக்கு மார்பு வீக்கம் ஏற்பட்டதாக 2010-ல் அதே நிர்வாகம் எச்சரித்தது. ஜெல் தடவியதும் கையைக் கழுவுங்க. தடவிய இடம் காய்ந்த பிறகு துணியால் மூடிட்டு குழந்தையைத் தூக்குங்க. ஜெல்லில் ஆல்கஹால் இருக்கும்; காயும் வரை அடுப்பு பக்கம் போகாதீங்க.

யார் தவிர்க்கணும்?

மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் உள்ளவர்கள் அல்லது இருந்தவர்கள் டாக்டரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா போடுறாங்கன்னு நேரா மருந்துக்கடையில வாங்கிப் போடக்கூடாது.

உடனே போக வேண்டியது எப்போது?

* மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும்
* மார்பில் புதிதாகக் கட்டி தெரிந்தால்
* ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி இருந்தால்
* நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குளறல் வந்தால் 108-க்கு அழைக்கவும்

வடசென்னைவாசிகள் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவர்களிடம் ஆலோசிக்கலாம். போகும்போது மருந்து ட்யூபையும் பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க.