கணிப்போரும் கணிப்பிப்போரும்

1790களில், புரட்சியின் நடுவே நின்ற பிரான்சிலே, காஸ்பார் த புரோணி என்னும் பொறியியலாளரிடம் பெரும் பணியொன்று ஒப்படைக்கப்பட்டது. செங்கோணத்தை 90 பாகைக்குப் பதிலாக 100 கூறாக வகுக்கும் புதிய முறைக்கேற்ப மடக்கை அட்டவணைகள் ஆக்கப்படல் வேண்டும். தனியொருவரின் ஆயுளுக்குள் அடங்கும் வேலையன்று. வழிதேடிய புரோணிக்கு அடம் சிமித்தின் 1776ஆம் ஆண்டு நூல் கைகொடுத்தது. குண்டூசித் தொழிலைப் பல கூறாக்கிப் பலரிடம் பகிர்ந்தால் விளைவு பன்மடங்காகும் என்று அந்நூல் கூறுகிறது. குண்டூசியைப் போல மடக்கையையும் உற்பத்தி செய்யலாமே என எண்ணினார் அவர்.

மூன்று அணிகள் அமைந்தன. முதலணியில் ஐந்தாறு கணித அறிஞர்; சூத்திரங்களைத் தெரிவது அவர் பணி. இரண்டாமணியில் ஏழெட்டுப் பேர். சூத்திரங்களை எண்களாக்கிக் கீழே அனுப்புவதும், வந்த விடைகளைச் சரிபார்ப்பதும் அவர்களுடையன. மூன்றாமணியில் 60 முதல் 80 பேர். கூட்டலும் கழித்தலுமே அவர்களுக்கு வேண்டியிருந்தன. பிரபுக்களின் தலையலங்காரம் ஒழிந்தபின் வேலையிழந்த சிகையலங்காரக்காரர் இவர்களுட் பலர் என்பர், கதையாகவே கொள்வோம். கையெழுத்தில் 17 பெருந்தொகுதிகள் நிறைந்தன.

இதனை 1832இல் விரித்தெழுதிய சார்ள்ஸ் பபேஜ், சிமித் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேலையைப் பிரித்தால், ஒவ்வொரு கூறுக்கும் வேண்டிய அளவு திறமையை மட்டும் விலைக்கு வாங்கலாம். தேர்ந்தவனுக்குரிய கூலியை முழு வேலைக்கும் கொடுக்கவேண்டியதில்லை. முதலாளியின் இலாபக் கணக்கை இவ்வளவு வெளிப்படையாக எழுதியமைக்கு நாம் அவருக்கு நன்றி கூறலாம். 1820களில் அவர் தொடங்கிய வித்தியாசப் பொறி, மூன்றாமணியின் வேலையைச் சக்கரங்களிடம் கொடுக்கும் முயற்சியே. மனிதரின் இடத்துக்கு இயந்திரம் வருமுன்னரே அவ்விடம் இயந்திரத்துக்கேற்பச் செதுக்கப்பட்டிருந்தது.

இன்று மென்பொருள் ஆக்கத்தில் அவ்வேற்பாடு மீண்டிருக்கிறது. 2023இல் வெளிவந்த மெட்டாஜிபிரி, சாட்டெவ் என்னும் முறைமைகளில் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஒரு கம்பனியின் உத்தியோகத்தராக வேடந்தாங்குகின்றன. ஒன்று வடிவமைக்கும், ஒன்று நிரல் எழுதும், மற்றொன்று சோதிக்கும். சாட்டெவ்வில் பிரதம நிறைவேற்று அதிகாரி வேடமும் உண்டு. பங்கிலாபம் மட்டும் வேடதாரிக்கு இல்லை. ஒரு முகவர் ஒரேவேளையில் மனங்கொள்ளக்கூடிய பாடத்துக்கு எல்லையுண்டாதலால், இப்பிரிவினைக்குத் தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. அதை மறுப்பது பேதைமை.

ஆயின் புரோணியின் இரண்டாமணியினர் சூத்திரமறிந்த மனிதர். இன்றோ நிரலை எழுதுவதும் சோதிப்பதும் பலவேளைகளில் ஒரே மொழி மாதிரியே, பெயர்தான் இரண்டு. தேவையை ஒன்று பிழையாக விளங்கிக்கொண்டால், மற்றதும் அப்பிழைக்கே ஒப்பமிடக்கூடும். ஆகவே சரிபார்க்க மனிதர் வேண்டும். அவர் எங்கிருந்து வருவார்? சிறு பிழைகளைத் திருத்தியும் சிறு கூறுகளை எழுதியும் பழகியே இளம் நிரலாளர் அந்த இடத்துக்கு ஏறினர். முகவர்களிடம் முதலிற் போவது அச்சிறு வேலைகளே. சம்பளம் பெற்றுக்கொண்டு கற்ற அப்பயிற்சியின் செலவை இனி ஏற்பது யார்? கூலி மிச்சமாகும் கம்பனியா, அன்றி எம் பாடசாலைகளும் கடன்பட்டுப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெற்றோருமா?