உபதேசியாரும் குருவானவரும்: திருநெல்வேலி ஆங்கிலிக்கச் சபையில் பதவிகளின் வரலாறு

பழைய ஆங்கிலிக்கத் திருக்கோயில்கள் பலவற்றின் உட்சுவரில், அங்குப் பணியாற்றிய குருமார்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பொறித்த பலகை அல்லது கல் ஒன்று காணப்படும். சபை வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவதும் அப்பலகையையே. ஆனால் திருநெல்வேலிச் சீமையைப் பொறுத்தவரை அப்பெயர் வரிசை வரலாற்றின் பாதியையே கூறும். குருப்பட்டம் பெறாத உபதேசியார்களே அங்குச் சபைகளை உருவாக்கினர், நடத்தினர், பல இடங்களில் காத்தும் நின்றனர். அவர்களுக்குப் பட்டம் அளிக்கலாமா, அளிப்பதாயின் யார் அளிப்பது என்ற வினா 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சபையையே இரண்டாகப் பிளந்தது. இவ்வினாவின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதவிப்பெயர்கள்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். ஆங்கிலிக்க முறையில் திருப்பட்டம் மூவகைப்படும். உதவிக்குரு, குரு, அத்தியட்சர் என்பன அவை. இறுதியாகக் கூறப்பட்டதே இன்று பேராயர் என வழங்குகிறது. நெல்லை மக்கள் குருவை 'ஐயர்' என்றும் 'ஐயரவர்கள்' என்றும் அழைத்துவந்தனர். 'குருவானவர்' என்பது இன்றும் வழக்கில் உள்ளது. பட்டம் பெறாத ஊழியருள் தலையாயவர் உபதேசியார். அவருக்கு அடுத்து, மணி அடித்து, விளக்கேற்றி, கோயிலைப் பேணுபவர் கோயில்குட்டியார். காணிக்கைக் கணக்கையும் கோயில் சொத்தையும் கவனிப்போர் சபை மக்களுள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி சேகரம் எனப்படும்.

தமிழ் விவிலியம் அத்தியட்சரைக் குறிக்கக் 'கண்காணி' என்ற சொல்லை ஆண்டிருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. வேலையைக் கண்காணிப்பவர் என்ற அதே பொருளில் இச்சொல் இலங்கைத் தோட்டங்களில் கூலியாட்களை மேய்ப்பவனுக்கும் வழங்கியது. திருச்சபை வழக்கில் அது நிலைபெறாமல் போனதற்கு இவ்வுலகியல் வழக்கும் ஒரு காரணமாகலாம்.

பட்டம் இல்லாத் தொடக்கம்

பாளையங்கோட்டைச் சபையின் தொடக்கம் ஒரு பெண்ணோடு தொடர்புடையது. 1778இல் தஞ்சை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணக் கைம்பெண் குளோரிந்தா, 1785இல் அங்கு ஒரு கோயிலைக் கட்டுவித்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் காணப்படுகின்றனர். ஊரில் நிலையான குரு இல்லாத அக்காலத்தில் அச்சிறு கூட்டத்தைச் சிதறாமல் வைத்திருந்தவர் குளோரிந்தாவே. பிற்காலச் சட்டப்புத்தகத்தின்படி அவருக்கு எந்தப் பதவியும் பொருந்தாது. அவர் செய்தவையோ ஒரு சபைத் தலைவரும் கோயில் தர்மகர்த்தாவும் செய்யவேண்டியவை.

அவரது வேண்டுகோளை ஒட்டியே தஞ்சையிலிருந்து சத்தியநாதன் என்ற உபதேசியார் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். 1790 டிசம்பர் 26 அன்று அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. அளித்தவர்கள் லுத்தரன் மிஷனரிகள். முறையும் லுத்தரன் முறை. எனினும் அவர்களுக்குப் பொருளுதவி செய்துவந்தது இலண்டனிலிருந்த ஆங்கிலிக்கச் சார்புடைய கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். அக்கழகம் இப்பட்டத்தைக் குறைவுபட்டதாகக் கருதவில்லை. மாறாக, சத்தியநாதன் அந்நாளில் தமிழில் ஆற்றிய அருளுரையை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் அச்சிட்டு மகிழ்ந்தது. 1811இல் தஞ்சையில் மேலும் நான்கு உபதேசியார்கள் இதே முறையில் பட்டம் பெற்றனர். ஆயர் ஒருவரின் கை தலையில் வைக்கப்படாமல் பட்டம் செல்லாது என்ற கருத்து அன்றைய தென்னிந்தியாவில் நடைமுறைத் தடையாக இருக்கவில்லை என்பது இவ்விரு நிகழ்ச்சிகளால் விளங்கும். தடையாக இருக்க இயலாது என்பதே சரி. கை வைக்க இந்தியாவில் ஆயரே இல்லை.

பட்டம் பெறாமலே சபையை வளர்த்தவர்க்குத் தாவீது சுந்தரானந்தம் சிறந்த சான்று. சாத்தான்குளம் வட்டாரத்தைச் சேர்ந்த இவர் உபதேசியாராகத் தம் உறவினரிடையே பணிபுரிந்தவர். துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்களுக்கென 1799இல் நிலம் வாங்கி முதலூர் என்ற குடியிருப்பு அமைந்ததில் இவர் பங்கு பெரிது. ஊரின் பெயரே அது முதல் கிறித்தவ ஊர் என்பதைச் சொல்லும். முதலூரை உருவாக்கியவர் நற்கருணை வழங்கும் உரிமை இல்லாதவர் என்பதை மறக்கலாகாது.

ஆயரின் வருகையும் புதிய விதியும்

1814இல் கல்கத்தா அத்தியட்சாதீனம் நிறுவப்பட்டு, தாமஸ் மிடில்ட்டன் முதல் ஆயரானார். இனி இந்தியர்க்குப் பட்டம் எளிதாகும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். இந்நாட்டவருக்குப் பட்டம் அளிக்கத் தமது நியமனப் பத்திரத்தில் அதிகாரம் இல்லை என்று அவர் கருதினார். ஆயர் இல்லாத காலத்தில் தமிழர் குருவாக முடிந்தது. ஆயர் வந்தபின் முடியவில்லை. 1823ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்தடையை நீக்கியது. அடுத்து வந்த ஆயர் ஹீபர், சுவார்ட்ஸின் மாணவரும் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவருமாகிய கிறிஸ்தியன் தாவீது என்ற தமிழருக்கு 1824இல் பட்டமளித்தார். ஹீபர் 1826இல் திருச்சிராப்பள்ளியில் திடீரென இறந்துபோக, தென்னாட்டில் இப்பணி மீண்டும் தளர்ந்தது. சென்னைக்கெனத் தனி ஆயர் வந்தது 1835இல்தான்.

இரேனியுஸ் ஐயரும் உபதேசியார்களும்

இடைப்பட்ட காலத்தில் திருநெல்வேலிச் சபை பெருகிவிட்டது. சி.எம்.எஸ். சங்கத்தின் சார்பில் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் இரேனியுஸ், ஊர்தோறும் உபதேசியாரை அமர்த்தும் முறையை விரிவாக்கினார். காலை மாலை செபம், ஞானோபதேசம், பள்ளிக்கூட மேற்பார்வை, நோயாளர் சந்திப்பு, ஊர் வழக்குகளில் சபையாருக்குத் துணைநிற்றல் ஆகிய அனைத்தும் உபதேசியாரின் கடமைகள். அவர்களைக் குறித்த நாள்களில் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் நடத்தி, ஊர்ச் செய்திகளைக் கேட்டறிவது வழக்கம். அவர் கையில் உருவான உபதேசியார் குழு, தன்னளவில் ஒரு கற்ற வகுப்பாகவே வளர்ந்தது எனலாம்.

ஆனால் ஞானஸ்நானமும் நற்கருணையும் வழங்குவதற்கு ஐரோப்பிய மிஷனரி வரவேண்டும். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு ஒரு சில மிஷனரிகள் போதுமா? எனவே 1832இல், தேர்ந்த உபதேசியார் சிலருக்குத் தாமே லுத்தரன் முறையில் பட்டமளிக்க இரேனியுஸ் சங்கத்திடம் அனுமதி கோரினார். 1790இலும் 1811இலும் நடந்ததையே அவர் கேட்டார். சங்கம் மறுத்தது. பட்டம் ஆயரிடமிருந்தே வரவேண்டும். பட்டம் பெறுவோர் ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளுக்கு ஒப்பமிடவேண்டும் என்றது. தமிழ் உழவனும் பனையேறியும் அடங்கிய ஒரு சபையின் ஊழியர், இங்கிலாந்தின் உட்பூசல்களில் பிறந்த கோட்பாடுகளுக்கு ஏன் ஒப்பமிடவேண்டும் என்பது இரேனியுஸின் நிலை. ஆங்கிலத் திருச்சபையைப் போற்றி எழுதப்பட்ட நூல் ஒன்றைக் கண்டித்து 1834இல் அவர் வெளியிட்ட விமரிசனம் பூசலை முற்றச் செய்தது. 1835இல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

இதன்பின் நடந்தது கவனத்துக்குரியது. ஆற்காட்டுக்குச் சென்றுவிட்ட இரேனியுஸைத் திரும்ப அழைத்தவர்கள் உபதேசியார்களே. அவர் மீண்டு வந்தபோது உபதேசியார்கள் இரு பிரிவாயினர். ஒரு சாரார் சங்கத்தோடு நின்றனர். மறுசாரார் அவரோடு சென்றனர். உபதேசியார் எப்பக்கமோ ஊர்ச் சபையும் பெரும்பாலும் அப்பக்கம். மிஷன் வரலாறுகள் இப்பூசலை இரேனியுஸுக்கும் இலண்டன் சங்கத்துக்கும் இடையிலான கோட்பாட்டுப் பிணக்காகவே எழுதிச் செல்கின்றன. சபை யார் கையில் இருந்தது என்பதை வெளிப்படுத்திய நிகழ்ச்சி அது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 1838 ஜூன் மாதத்தில் இரேனியுஸ் மறைந்தபின் பிரிந்தவர்கள் படிப்படியாகச் சங்கத்தோடு இணைந்தனர்.

சங்கம் வகுத்த வழியிலும் தமிழர் குருவாயினர். தரங்கம்பாடியில் 1785இல் பிறந்த யோவான் தேவசகாயம் 1830இல் உதவிக்குருவாகவும் 1836இல் குருவாகவும் பட்டம் பெற்று, கடாட்சபுரத்தில் நெடுங்காலம் பணியாற்றி 1864இல் காலமானார். எனினும் அவரைப் போன்றோர் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர்.

விலகிச் சென்ற ஓர் உபதேசியார்

நாசரேத்து வட்டாரத்தில் எஸ்.பி.ஜி. மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, மிஷனரியோடு மாறுபட்டுப் பதவி நீக்கப்பட்டார். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய ஆங்கில நூல் எழுப்பிய சினமும் அதனோடு சேர்ந்தது. 1857இல் அவர் 'ஆண்டவராகிய இயேசுவின் இந்துத் திருச்சபை' என்ற பொருளுடைய பெயரில் தனிச்சபை கண்டார். ஐரோப்பியரின் பணமும் பட்டமும் இல்லாமல் சபை நடத்த முடியும் என்பது அவர் காட்ட விரும்பியது. அவர் கைக்கொண்ட சனிக்கிழமை ஓய்வுநாள் முதலிய யூத வழக்கங்கள் தனி ஆய்வுக்குரியவை. ஓர் உபதேசியார் பதவியை இழந்தாலும் ஆளை இழப்பதில்லை என்ற உண்மை இங்கும் வெளிப்படுகிறது.

பணமும் மன்றமும்

குருப்பட்டத்தின் மறுபக்கம் சம்பளம். இலண்டன் பணத்தில் வாழும் குரு இலண்டனுக்கே கட்டுப்படுவார். சி.எம்.எஸ். செயலர் ஹென்றி வென் வற்புறுத்திய தற்சார்புக் கொள்கையின் வழி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நெல்லைச் சபைகளில் மன்றங்கள் அமைக்கப்பட்டன. சபையார் தரும் சங்கப் பணத்திலிருந்து தமிழ்க் குருமார்க்கும் உபதேசியார்க்கும் ஊதியம் வழங்கும் முறை வேரூன்றியது. அன்றாடம் உலை வைக்கும்போது பெண்கள் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியும் இதற்கு உதவியது. ஆட்சிப் பொறுப்பில் மூப்பர்களும் பேரவை உறுப்பினர்களும் அமர்ந்த கதை பலராலும் எழுதப்பட்டது. அவர்கள் பகிர்ந்த நிதியில் அப்பெண்களின் அரிசி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டோர் அரிது.

1877 மார்ச் 11இல் கால்டுவெல்லும் சார்ஜண்டும் கல்கத்தாவில் துணை ஆயர்களாகப் பட்டம் பெற்றனர். 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாயிற்று. வெள்ளாளன்விளையில் ஒரு சிற்றூர்க் குருவின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1909 வரை பட்டம் பெறாமலே ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகவும், 1903இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனரி சங்கத்தின் நிறுவனருள் ஒருவராகவும் பணிபுரிந்தார். 1912 டிசம்பர் 29இல் தோர்ணக்கல் ஆயரானார். ஆங்கிலிக்கச் சபையில் ஆயரான முதல் இந்தியர் அவரே.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆயரின் கையால் பட்டம் பெறாத மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் ஊழியர்கள் மறுபட்டம் இன்றி அப்படியே குருமாராக ஏற்கப்பட்டனர். 1832இல் பாளையங்கோட்டையிலிருந்து எழுதப்பட்ட வேண்டுகோளுக்கு 115 ஆண்டுகள் கழித்து வந்த விடை இது. இனிப் பட்டமளிப்பு ஆயர் வழியாகவே என்பதையும் அவ்வொப்பந்தம் உறுதிசெய்தது. திருநெல்வேலிச் சேகரங்களில் இன்றும் ஒரு குருவானவரின் பொறுப்பில் பல சபைகள் உள்ளன. அவர் வேறோர் ஊரில் நற்கருணை நடத்தும் ஞாயிறுகளில், இங்கே செபம் நடத்திப் பிரசங்கம் செய்பவர் உபதேசியாரே.