சுபேதார் இல்லத்தில் ஒலித்த நூல்கள்

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பெற்ற பட்டங்களை நம் இளைஞர்கள் நன்கறிவர். மேடைதோறும் அவை எடுத்துரைக்கப்படுகின்றன. அவற்றிற்கெல்லாம் முற்பட்ட பள்ளி ஒன்று உண்டு. அவர்தம் தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பாலின் இல்லமே அது.

கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் இந்தியச் சிப்பாய்களுக்கும் அவர்தம் ஆண், பெண் மக்களுக்கும் கட்டாயக் கல்வி வழங்கப்பட்டது. ஊர்ப் பள்ளிகள் தீண்டாதார்க்கு அடைபட்டிருந்த அந்நாளில், மகார் குடும்பங்கள் சிலவற்றுள் எழுத்து புகுந்த வழி இதுவே. இராம்ஜி படைப்பள்ளியொன்றில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியராக விளங்கியவர். 1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைமுகாமில் பீமராவ் பிறந்தார். அதன் பின் சிறிது காலத்திற்குள்ளாகவே மகார்களைப் படையிற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆகவே, வந்த எழுத்தைக் காக்கும் பொறுப்பு இல்லத்தின்மீதே விழுந்தது.

சாத்தாராப் பள்ளியில் அச்சிறுவர் வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத்துணியில் தனித்தே அமர வேண்டியிருந்தது. பிறர் ஊற்றினாலன்றி அங்கே தண்ணீருக்கும் வழியில்லை. இல்லத்திலோ அவரே வாசிப்பவர், பிறர் கேட்போர். கபீர் நெறியில் நின்றவரும் கண்டிப்பு மிக்கவருமான இராம்ஜி, தம் மைந்தர் இருவரையும் பாரதம், இராமாயணம் ஆகியவற்றின் பகுதிகளை உரக்க வாசிக்கச் செய்தார். கதை கேட்பதற்காக வீட்டில் கூடிய அயலாரும் அவர்தம் உடன்பிறந்த பெண்களும் அமர்ந்து கேட்டனர். பல்லாண்டுகள் இது தொடர்ந்தது. (பெண்மக்களும் வாசித்தனர் என்று எழுதக் கூடுமாயின் இன்னும் மகிழ்வேன்.)

தேர்வொன்றில் பீமராவ் தேறியதைப் பாராட்டிச் சமூகத்தார் கூட்டிய அவையில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியப் பெருமகனார் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அதைப் படித்த மைந்தர் தந்தையிடம் வினாத் தொடுத்தார்: பௌத்த நூல்களை எமக்கு ஏன் அறிமுகம் செய்யவில்லை? பார்ப்பனரையும் சத்திரியரையும் உயர்த்தி, சூத்திரரையும் தீண்டாதாரையும் தாழ்த்தும் நூல்களை ஏன் வாசிக்கச் செய்தீர்?

தந்தை சினந்தாரெனினும் விடை கூறாது விடவில்லை. நாம் தீண்டாதார், தாழ்வுமனப்பான்மை நமக்கு எளிதில் உண்டாகும், அதனை அகற்றவே இந்நூல்கள் என்றார். எளியோராயிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும், கோலி குலத்து வால்மீகியையும் சான்று காட்டினார். மைந்தர் அமைதியுறவில்லை. பீடுமரையும் துரோணரையும் கண்ணனையும் இராமனையும் தாம் ஏற்க இயலாமையை விளக்கினார். இராம்ஜி வாய் திறக்கவில்லை.

தந்தையார் நூல்களைத் தேர்ந்த முறையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், ஆண்டுக்கணக்கில் தம் வாயாலேயே வரிவரியாக வாசித்த ஒருவரால்தான் அந்நூல்களை அத்துணைத் தெளிவாக மறுக்கவும் முடிந்தது என்பது என் துணிபு. கேள்வி கேட்ட பிள்ளையை இராம்ஜி அடித்து அடக்கவுமில்லை. நூல் வாங்கித் தருவதை நிறுத்தவுமில்லை. கையிற் பொருளில்லாதபோது மணமாகிச் சென்ற மகளிரிடம் கடன் பெற்றும் வாங்கித் தந்தார். பம்பாயில் தொழிலாளர் வாழும் பகுதியில், ஒரே அறையில், பின்னிரவு இரண்டு மணிக்கு மைந்தரை எழுப்பிப் படிக்க வைத்தவரும் அவரே. 1913 பிப்ரவரியில் அவர் மறைந்தார்.

இவ்வுரையாடலை அண்ணல் 1956இல், ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு எழுதிய முன்னுரையில் விவரித்துள்ளார். அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த முதற்பதிப்பில் அம்முன்னுரை இடம்பெறவில்லை.