கையொப்பமிடாத சுவரோவியம்



தம் வரலாற்றைச் சுவரில் தீட்டித் தருமாறு மக்கள் ஓர் ஓவியரை அழைக்கின்றனர். அவரும் தீட்டுகின்றார். தீட்டியதைக் கண்டதும் அம்மக்களே முகஞ்சுளிக்கின்றனர். குற்றம் யாருடையது? அமெரிக்க ஓவியர் ஜோன் ஸ்டூவர்ட் கர்ரியின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

கர்ரி 1897 ஆம் ஆண்டிலே கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். சிக்காகோவில் ஓவியம் பயின்று, சஞ்சிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தார். 1926 இல் பாரிஸ் மாநகர் சென்று மேலும் கற்றார். ஆயினும் அவர் உள்ளம் பிறந்த மண்ணையே நாடிற்று. பண்ணை முற்றத்தில், கால்நடைகளுக்கு நீர் வைக்கும் தொட்டியில் நடைபெறும் ஞானஸ்நானத்தை 1928 இல் தீட்டினார். மறு ஆண்டில், சூறாவளிக்கு அஞ்சி நிலவறைக்கு ஓடும் குடும்பமொன்றைத் தீட்டினார். இவ்விரு ஓவியங்களும் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டின. 1936 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் விவசாயக் கல்லூரி அவரைத் தன் ஓவியராக அமர்த்தியது.

கன்சாஸ் பெற்ற மைந்தனைக் கன்சாசே அழைக்கவேண்டுமென அம்மாநிலப் பத்திரிகாசிரியர்கள் முயன்றனர். 1937 இல், ரொபீகா நகரிலுள்ள சட்டமன்றக் கட்டடத்திற்குச் சுவரோவியம் தீட்டும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் தேர்ந்த பொருள் யாது? 1854 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கன்சாசில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கு குடியேறியோரே தீர்மானிக்க விட்டது. இரு சாராரும் படைக்கலம் ஏந்தினர், குருதி பெருகிற்று. அடிமை முறையை எதிர்த்த ஜோன் பிறவுண் என்பவர், 1856 இல் தம் கூட்டத்தாருடன் சென்று எதிர்ப்பக்கத்தார் ஐவரைக் கொன்றார். 1859 இல் ஹாப்பர்ஸ் பெரி ஆயுதசாலையைத் தாக்கிப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். சிலருக்கு அவர் தியாகி; சிலருக்குக் கொலைகாரர்.

அந்த மனிதரையே கர்ரி சுவரின் நடுவே நிறுத்தினார். விரிந்த கைகள், ஒன்றிலே வேதாகமம், மற்றையதிலே துப்பாக்கி. காற்றிற் பறக்கும் தாடி, வெறிகொண்ட விழிகள். பின்னணியிற் சூறாவளியும் புல்வெளித் தீயும். காலடியில், வரவிருந்த உள்நாட்டுப் போரின் இரு தரப்பு வீரரும் பிணமாய்க் கிடக்கின்றனர். 'துயர முன்னுரை' என்பது அவ்வோவியத்தின் பெயர்.

மக்கள் சினந்தனர். புயலும் தீயும் வெறியருந்தாமா எங்கள் கன்சாஸ் என்றனர். மற்றொரு சுவரில் அவர் தீட்டிய பண்ணைக் காட்சியிலும் குறை கண்டனர். பன்றியின் வாலிலே சுருள் பிழை, காளையின் நிறம் பிழை, பெண்ணின் பாவாடை நீளம் பிழை என்றனர். பண்ணையிற் பிறந்து வளர்ந்தவருக்குப் பன்றியின் வாலைப் பற்றிப் பாடஞ் சொன்னார்கள்! வாலிலே குறை கண்டவர்கட்கு உண்மையில் உறுத்தியது வாலன்று, வரலாறு என்றே எண்ணத் தோன்றுகின்றது.

நடு மண்டபத்திலும் எட்டு ஓவியங்கள் தீட்டக் கர்ரி திட்டமிட்டிருந்தார். அதற்கு அங்கிருந்த சலவைக்கற் பலகைகள் சிலவற்றை அகற்றவேண்டும். 1941 இல் சட்டமன்றம் அதற்கு இசையவில்லை. பணி முற்றுப்பெறாத நிலையில், தீட்டி முடித்த ஓவியங்களிலும் தம் கையொப்பத்தை இட மறுத்து அவர் வெளியேறினார். வாஷிங்டன் நீதித் திணைக்களத்துக்கென அவர் முன்னர் வரைந்து, அங்கு ஏற்கப்படாதுபோன 'அடிமைகளின் விடுதலை' என்னும் ஓவியம், 1942 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்தின் சுவரில் இடம்பெற்றது. 1946 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், தமது 48 ஆவது வயதில், மாரடைப்பினால் கர்ரி காலமானார்.

காலம் உருண்டது. 1974 இல், கன்சாஸ் என்னும் பெயர்கொண்ட இசைக்குழு தன் முதல் இசைத்தட்டின் உறையிலே அதே ஜோன் பிறவுணின் உருவைப் பொறித்தது. 1992 இல் கன்சாஸ் சட்டமன்றம், ஓவியருக்கு இழைத்த அவமதிப்புக்காக முறைப்படி வருத்தந் தெரிவித்து, அவருடைய வரைவுகளையும் விலைக்கு வாங்கியது. அவர் மறைந்து 46 ஆண்டுகள் சென்றிருந்தன.

நேயர்களே, முன்னோரின் வீரத்தை மட்டும் சுவரில் எழுதுவது எளிது. அவர்தம் வெறியையும் அதனால் விளைந்த அழிவையும் சேர்த்து எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதனை நின்று பார்ப்பதற்கும் வேண்டும். கர்ரிக்கு அந்த உரம் இருந்தது. அவர் மக்களுக்கோ அது வந்து சேர அரை நூற்றாண்டு சென்றது. கையொப்பமற்ற அந்த ஓவியம் இன்றும் ரொபீகாவின் சுவரில் நிற்கின்றது. தீட்டியவர் யார் என்று கேட்க அங்கே எவருமில்லை, எல்லாரும் அறிவர்.