எழுத்துத் திரையின் சிக்கனம்

1980-ஐ ஒட்டி பெர்க்லியில் கென் அர்னால்டு எழுதிய கர்சஸ் நூலகத்தை, எழுத்துகளால் பெட்டியும் மெனுவும் வரையும் அலங்காரக் கருவியாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைப் பெற்றெடுத்தது சிக்கனம். அன்றைய டெர்மினலில் வரிக்கு 80 எழுத்து, 24 வரி. விநாடிக்கு 300 பிட் மோடத்தில் சுமார் 30 எழுத்துதான் வரும். திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே கர்சஸ், திரையில் இப்போது இருப்பதற்கு ஒரு படியும் இருக்க வேண்டியதற்கு இன்னொன்றுமாக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பியது. கர்சஸைக் கொண்டு எழுதிய ரோக் விளையாட்டில் வீரனைக் குறிக்கும் '@' ஓர் அடி நகர்ந்தால் பழைய இடத்தில் ஒரு புள்ளி, புதிய இடத்தில் '@', கர்சரை நகர்த்தச் சில குறிகள், அவ்வளவுதான்.

டாஸ் வந்ததும் இதெல்லாம் வீண் வேலை என்றார்கள். ஐபிஎம் பிசியில் திரை என்பதே நினைவகத்தில் 4,000 பைட். அங்கே நேரடியாக எழுதினால் நொடியில் மாறிவிடும். கணினியோடு வரும் அடிப்படை நிரலான பயாஸ் வழியாக எழுதுவது மந்தமானது என்பதால் இதில் நியாயம் உண்டு. ஆனால் வண்ண அட்டைக்கு ஒரு முகவரி, கறுப்பு வெள்ளை அட்டைக்கு வேறொன்று. இந்த வேறுபாட்டை யாராவது கவனித்தே ஆகவேண்டும்; அதை நூலகத்திடம் விடுவதே நல்லது. நூலகமே காலை வாரியதில்லையா என்று கேட்கலாம். வாரியது: டர்போ பாஸ்கலில் திரையைக் கையாளும் நூலகமான சிஆர்டி யூனிட், தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளக்கும்போது, வேகமான பென்டியம்களில் வகுத்தல் விடை அளவு மீறி, பிழை 200 என்று நின்றுபோனது. ஆனால் யூனிட்டை ஓரிடத்தில் திருத்தி, அதை நம்பிய நிரல்களை மறுபடி கம்பைல் செய்ததும், அவை தம் மூலத்தில் ஒரு வரிகூட மாறாமல் ஓடின.