சிறையில் பிறந்த சக்கரம்

வில்லியம் கியூபிட் மாவு ஆலைக்காரரின் மகன். சக்கரங்களுக்கு நடுவே வளர்ந்து, இங்கிலாந்தில் பெயர் பெற்ற பொறியாளரானவர். ஒருநாள் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறைக்குப் போனார். அங்கே கைதிகள் வேலைவெட்டி இல்லாமல் சும்மா நின்றிருந்தார்கள். இவர்களுக்கு ஏதாவது வேலை தர வழி உண்டா என்று நீதிபதி ஒருவர் கியூபிட்டிடம் கேட்டதாகச் சொல்வார்கள். ஆலைச் சக்கரம் அவர் மனதில் சுழலத் தொடங்கியது.

1818 வாக்கில் அந்தச் சக்கரம் உருவானது. நீளமான உருளை, அதன் மேல் வரிசையாகப் படிகள். கைதிகள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். கால் வைத்த படி கீழே இறங்கும், அடுத்தது மேலே வரும். மணிக்கணக்கில் ஏறினாலும் நின்ற இடம் நின்ற இடம்தான். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. பல சிறைகளில் எதையும் அரைக்காமல் வெறுமனே சுற்றியது. கைதிகளின் உடம்பு மட்டும் தேய்ந்தது. ஏன் என்று ஒரு மருத்துவருக்குக் கேள்வி எழுந்தது.

அவர் பெயர் எட்வர்ட் ஸ்மித். 1850களில் லண்டனின் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் ஆராய்ச்சியில் இறங்கினார். தூரத்தில் நின்று குறிப்பெடுத்ததோடு விடவில்லை. முகத்தில் மூச்சை அளக்கும் கவசத்தை மாட்டிக்கொண்டு, தானே அந்தச் சக்கரத்தில் ஏறினார். நாடியும் மூச்சும் எகிறின. இந்த உழைப்புக்குச் சிறைச் சாப்பாடு போதவே போதாது என்று அடித்துச் சொன்னார். வயிற்றுக்குள் போவதையும் கால்கள் செலவழிப்பதையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த முன்னோடிகளில் அவர் ஒருவர். 1898-ல் வந்த சிறைச் சட்டத்தோடு சக்கரத்தின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1952-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் அது வேறு உருவில் தலைகாட்டியது. அங்கே ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவருக்கு ஒரு சங்கடம். படுத்திருக்கும் நோயாளியின் ஈ.சி.ஜி. சீராக இருக்கும், எழுந்து நாலு படி ஏறினால் நெஞ்சு வலிக்கும். உழைக்கும் இதயத்தைப் பார்ப்பது எப்படி? வேய்ன் குவின்டன் என்ற பொறியாளர் மோட்டாரில் ஓடும் பெல்ட் ஒன்றைச் செய்து தந்தார். நோயாளி அதன்மேல் நடக்க, வேகமும் சரிவும் படிப்படியாகக் கூடின. ஒளிந்திருந்த நோய் வெளிப்பட்டது. தண்டனைக் கருவி உயிர் காக்க வந்தது. ஆனால் அது மருத்துவமனையை விட்டு வெளியே வர, ஒரு மனிதர் தண்ணீரில் தடுமாற வேண்டியிருந்தது.

அவர் கென்னத் கூப்பர். மருத்துவர், வயது 29. உடற்பயிற்சியை விட்டுப் பல வருடம் ஆகி, 18 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. பழைய நினைப்பில் நீர்ச்சறுக்கில் இறங்கினார். சில நிமிடங்களில் நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது. மாரடைப்போ என்று நடுங்கிக் கரை சேர்ந்தார். அன்றிலிருந்து சாப்பாட்டை மாற்றினார், விடாமல் ஓடினார். ஏறிய 18 கிலோவும் இறங்கியது, மாரத்தானே ஓடினார். 1968-ல் 'ஏரோபிக்ஸ்' புத்தகம் எழுதினார். அதன் ஒரு பிரதி, நியூஜெர்சியில் வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

எட்டு நிமிடத்தில் ஒரு மைல், வாரத்தில் நாலைந்து நாள்: ஸ்டாப்பைப் பிடித்துக்கொண்டது இந்த யோசனைதான். ஆனால் பனி கொட்டும் ஊரில் வருடம் முழுக்க எங்கே ஓடுவது? வீட்டுக்குள் ஓடலாமென்றால், அதற்கான கருவி சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. தானே செய்துவிட்டார். இரும்பு உருளைகள், மேலே ஆரஞ்சு நிற பெல்ட். அதைக் கூப்பருக்கே அனுப்பிவைக்க, அவரும் உற்சாகமாகக் கைகொடுத்தார். இன்று ஜிம்மிலும் வீட்டு வரவேற்பறையிலும் ஓடிக்கொண்டிருக்கும் டிரெட்மில் வீட்டுக்கு வந்த கதை இதுதான்.

கைதிகளை உருக்குலைத்த அதே உழைப்பு ஸ்டாப்புக்குத் துணையானது. அவர் 96 வயது வரை வாழ்ந்தார், முதுமையிலும் டிரெட்மில்லில் நடந்தார். அரைவயிறும் கட்டாயமும் சேர்ந்தால் உழைப்பு வதை. உடம்பறிந்து உண்டு, தினமும் மனமுவந்து செய்தால் அதுவே மருந்து. கூப்பரின் எடை இறங்கிய நாளில் டிரெட்மில் வீடுகளுக்கு வந்திருக்கவே இல்லை. தட்டில் அளவும் ஓட்டத்தில் விடாப்பிடியுமே அவருக்குப் போதுமாக இருந்தன.