கயிறு பிடிக்க ஒரு மச்சான்

"மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்" என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான் என்று விளக்கம் சொல்வார்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் இதையே முத்துக்குளிப்புக்கும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடலில் மூழ்குகிறவனின் கயிறு மனைவியின் தம்பி கையில் இருக்க வேண்டுமாம். அக்காள் தாலி அறுபட அவன் விடமாட்டான் அல்லவா! எல்லாத் தோணியிலும் மச்சான்தான் இருந்தானா என்பது வேறு விஷயம். ஆனால் மேலே ஓர் ஆள் இல்லாமல் யாரும் இறங்கியதில்லை. இதன் அருமை எனக்குப் புரிந்தது அறுபத்தெட்டாவது வயதில், அந்தமானில்.

நீல் தீவு என்று நாம் சொல்லிவந்த ஷாகித் தீவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கடற்கரை. கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, வாயில் கவ்வும் குழாய் இரண்டையும் வாங்கி வைத்திருந்தேன். ஸ்நார்க்கலிங் என்கிறார்களே, அதற்குத்தான். மச்சினன் இறங்க மறுத்துக் கரையிலேயே உட்கார்ந்துகொண்டான். லைஃப் ஜாக்கெட்டை அவன் நீட்டினான். தாமிரபரணியில் நீந்தியவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் வாங்கவில்லை.

முகத்தைத் தண்ணீரில் வைத்தால் வேறோர் உலகம்! பவளப்பாறை, மஞ்சள் மீன், நீல மீன். பத்து நிமிடம் போனதே தெரியவில்லை. "அத்தான்! அத்தான்!" என்று மெல்லிய குரல் கேட்டுத் தலையைத் தூக்கினேன். கரை எங்கோ இருந்தது. நீர் வற்றும் நேரம், கடல் என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பதறியதில் குழாய்க்குள் தண்ணீர் புகுந்து இருமல் வந்துவிட்டது. மச்சினன் துண்டை வீசி வலப்பக்கம் காட்டியபடி கரையோரம் ஓடினான். மல்லாந்து படுத்து மூச்சு வாங்கிவிட்டு, இழுப்பை எதிர்க்காமல் கரைக்கு இணையாக அவன் காட்டிய பக்கம் நீந்தினேன். நெடுந்தூரம் தள்ளிப் போய்க் கரையேறினேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1961ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு அது. எனக்கு எட்டு வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கரைக்கு வரும் தோணிகளை வேடிக்கை பார்த்தேன்.

அந்தக் காலத்துச் சலாபத்தின் ஒழுங்கைப் பழைய பதிவுகளில் படிக்கலாம். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்கும் முன், மார்ச், ஏப்ரலில் கடல் அமைதியாகித் தெளிந்திருக்கும்போதுதான் முத்துக்குளிப்பு. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் தோணிகள் புறப்படும். விடிந்ததும் வேலை தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதிலேயே திரும்பிவிடும். பெரிய தோணியில் பத்துக் குளியாளிகள் என்றால் ஐந்து பேர் மூழ்குவார்கள், ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். இருவருக்கு ஒரு கல். கல்லில் கால் வைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார்.

சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'யும் உண்டு. அவருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மந்திரத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் பரம்பரையாகக் கடலில் பிறந்து வளர்ந்தவர்களே அத்தனை பயத்தோடு இறங்கியிருக்கிறார்கள். பயம் இல்லாமல் இறங்கியவன் நான் ஒருவன்தான்!

குழாய் வைத்து மூச்சு விடுவதும் புதிதல்ல. முக்குளிப்போரின் குழாயை யானையின் துதிக்கைக்கு ஒப்பிட்டு அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அப்படியானால் நீளமான குழாயோடு ஆழத்துக்கே போகலாமே என்று தோன்றும். முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் நெஞ்சை விரியவிடாது. நாம் விட்ட மூச்சே குழாயில் தங்கி மறுபடி உள்ளே வரும். அதனால்தான் கடையில் விற்கும் குழாய் ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. அது மேலே மிதந்து பார்ப்பதற்கு மட்டும்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு தீவுகளுக்குப் போகும் நண்பர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீர் ஏறுவதும் வற்றுவதும் எப்போது என்று உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். காற்று எழுமுன் காலையில் இறங்குங்கள். இடுப்பளவு நீரில் நின்று, குழாயில் புகுந்த தண்ணீரை ஊதித் தள்ளப் பழகுங்கள். லைஃப் ஜாக்கெட்டுக்கு வெட்கப்பட வேண்டாம். நாலைந்து மூச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையைப் பாருங்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். காலும் கிழியும், பவளமும் சாகும். வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு மூழ்கிப் பார்க்கும் வீரம் வேண்டவே வேண்டாம். எச்சரிக்கை இல்லாமல் நினைவு தப்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக இறங்காதீர்கள். கூட இறங்க ஒருவர், கரையில் கண் வைத்திருக்க ஒருவர். அந்தமானில் மச்சினன் கையில் கயிறு இல்லை. ஆனால் கைப்பேசியைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் என் மனைவியிடம் அவன் சொன்னது: "அக்கா, அத்தானை இனிமே குளத்துக்குக்கூடத் தனியா விடாதே." நானும் போவதில்லை.